கம்பி வேண்டாம், கூண்டு கொடு! காகித உத்தரவு போதும், கணக்குக் கொடு!



கடலை விதைத்து நூறு நாள் ஆகிவிட்டது. இன்னும் நாலைந்து நாளில் பிடுங்க வேண்டும். ஏக்கருக்கு ஐம்பது கிலோ விதைப் பருப்பு, உழவுக்கூலி, ரெண்டு களைவெட்டு, ஜிப்சம், மருந்து எல்லாம் மண்ணுக்குள் போட்டாகிவிட்டது. நகை பேங்கில் இருக்கிறது. பிடுங்கி வித்து மீட்கலாம் என்று படுக்கப் போகிறோம். காலையில் போய்ப் பார்த்தால் காடு முழுக்க ஏர் ஓட்டியது மாதிரி கிடக்கிறது. செடி ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். காயை மட்டும் மென்று துப்பிவிட்டுப் போயிருக்கிறது பன்னிக்கூட்டம்.

கடலைக்கு நடப்பதுதான் மக்காச்சோளத்துக்கும் நடக்கிறது, மரவள்ளிக்கும் நடக்கிறது, கரும்புக்கும் வாழைக்கும் நடக்கிறது. பன்னி தின்பது கொஞ்சம். மீதி கிண்டியும் மிதித்தும் சாய்த்தும் வீணாவது.

நாம் சும்மா இருந்தோமா? பழைய சேலையை வரப்பு சுத்தியும் கட்டினோம். முடி வெட்டுகிற கடையில் முடி வாங்கி வந்து போட்டோம். முட்டைக் கரைசல் அடித்தோம். தகரம் தட்டினோம், பட்டாசு போட்டோம், பரண் கட்டி ராத்திரி பூராவும் டார்ச் லைட்டோடு உட்கார்ந்தோம். ஒரு வாரம் பயப்படுகிற பன்னி எட்டாம் நாள் சேலையை முட்டிக்கொண்டு உள்ளே வருகிறது. அதற்குப் புத்தி இருக்கிறது. புத்தி இல்லாதது நம்மை ஆள்கிற ஏற்பாட்டுக்குத்தான்!

"காட்டை அழித்தது நீங்கள்தானே?"

பட்டணத்தில் இருந்துகொண்டு நம்மைக் கேட்கிற கேள்வி இது. "விலங்கு ஊருக்குள் வரவில்லை, நீங்கள்தான் விலங்கின் ஊருக்குள் போனீர்கள்" என்கிறார்கள். யானைக்கு இது பல இடத்தில் உண்மை. யானைத் தடத்தில் ரிசார்ட்டும் காலேஜும் கட்டினவர்கள் பதில் சொல்லட்டும். ஆனால் காட்டுப்பன்னிக்கு இந்தப் பேச்சு ஒட்டாது.

மலையிலிருந்து பத்து, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்களில் பன்னி எங்கிருந்து வந்தது? ஏரிக்குள்ளும் ஓடைப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம் முள்ளுக்குள்ளிருந்து வந்தது. அங்கேயே படுக்கிறது, அங்கேயே குட்டி போடுகிறது. நாலு மாதத்துக்குள் சினை, ஒரு ஈத்துக்கு நாலிலிருந்து ஆறு குட்டி. குட்டி ஒரு வருஷத்தில் தாயாகிவிடும். மலைக்குள் இருந்தால் புலி, சிறுத்தை, செந்நாய் என்று அதைத் தின்ன ஆள் உண்டு. ஏரி முள்ளுக்குள் யார் உண்டு? தண்ணீர் இருக்கிறது, மறைவு இருக்கிறது, பக்கத்திலேயே நம் கடலையும் சோளமும் இருக்கிறது. கொல்ல ஆளில்லை.

அந்த முள்ளை வெட்டாதது யார்? ஏரியைத் தூர் வாராதது யார்? ஏரி நம் பட்டாவில் இல்லை ஐயா, அரசாங்கத்தின் கணக்கில் இருக்கிறது! அரசாங்க நிலத்தில் வளர்கிற பன்னிக்கு நாம் தீனி போட வேண்டும், கேட்டால் நாமே குற்றவாளி. இது என்ன நியாயம்?

சட்டம் நமக்கு எதிரியா?

பலபேர் நினைக்கிறார்கள், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பன்னியைத் தொடவே கூடாது என்கிறது என்று. அப்படி இல்லை. சட்டத்தை நாமும் படிக்க வேண்டும்.

காட்டுப்பன்றி முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தானால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ, காரணம் எழுதி, குறிப்பிட்ட பகுதியில் அதை வேட்டையாட அனுமதி கொடுக்கலாம். சொத்து என்றால் நிலத்தில் நிற்கிற பயிரும் அடக்கம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நம் கடலைச்செடி சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது ஐயா! கொடுக்க வேண்டிய ஆள் கொடுப்பதில்லை என்பதுதான் சங்கதி.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சுடுவது மட்டும் வேட்டை இல்லை. பொறி வைப்பது, சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்து இழுப்பது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். அனுமதி இல்லாமல் செய்தால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். "நான் சுடலீங்க, கூண்டுதான் வெச்சேன்" என்று சொல்லித் தப்ப முடியாது. அதனால்தான் சொல்கிறோம், கூண்டு வைப்பதும் முறைப்படி அரசு அனுமதியோடு, அரசு பொறுப்போடு நடக்க வேண்டும்.

2025 ஜனவரி உத்தரவு: பாதிக் கதவு திறந்தது

விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடிய பிறகு தமிழக அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்னியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம்.

இதை நாம் முழுசாக எதிர்க்கவில்லை. காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டரில் கொல்லக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அங்கே பன்னி சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் சாப்பாடு. அந்தச் சாப்பாடு தீர்ந்தால் சிறுத்தை நம் ஆட்டுப்பட்டிக்கு வரும். ஆனால் கொல்லக் கூடாது என்றால், அந்த ஒரு கிலோமீட்டரில் பயிர் வைத்தவனுக்கு வேலியும் நிவாரணமும் முதலில் வந்திருக்க வேண்டும். உத்தரவு முந்தி வந்தது, வேலி பின்னாலும் வரவில்லை.

நடுவில் இருக்கிற ரெண்டு கிலோமீட்டருக்கு வாருங்கள். பிடித்து விட வேண்டுமாம். எதை வைத்துப் பிடிப்பது? உங்கள் ரேஞ்சில் எத்தனை கூண்டு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நாம் மனு கொடுத்த இடத்தில் கிடைத்த பதில்: "பார்க்கிறோம்." குறைதீர் கூட்டத்தில் கேட்டால் வனத்துறையைக் கேள் என்கிறார்கள். வனத்துறையைக் கேட்டால் மேலிடத்து அனுமதி என்கிறார்கள். நம் காடு ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறதா, முக்கால் கிலோமீட்டரில் இருக்கிறதா என்று அளப்பதற்கே ஒரு போகம் முடிந்துவிடுகிறது. கடலை 105 நாள் பயிர் சாமி! உங்கள் ஃபைலுக்கு வயசு எத்தனை நாள்?

பிடித்த பன்னியைக் காட்டுக்குள் விடுவதிலும் ஒரு கேள்வி இருக்கிறது. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்து விழுந்தன. அந்த நோய் மனுஷனுக்கு வராது. ஆனால் பன்னிக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம். ஊர்ப்பன்னி மேய்கிற இடத்தில் திரிந்த காட்டுப்பன்னியைச் சோதனை செய்யாமல் வண்டியில் ஏற்றி மலைக்குள் விட்டால் நோயையும் சேர்த்து விடுகிறோம். இதுவா வனவிலங்குப் பாதுகாப்பு? பிடிக்கிற இடத்தில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டாமா?

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது வனத்துறையின் வேலை மட்டுமே என்றால், யானை விரட்டவும் தீ அணைக்கவுமே ஆள் பத்தாத துறை ஊர் ஊராகப் போய்ச் சுடுமா? பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 2022 மே மாதத்தில் அந்த அரசு, பன்னியைச் சுட அனுமதி கொடுக்கிற அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. லைசன்ஸ் துப்பாக்கி உள்ளவர்களை வைத்துச் சுடலாம். விஷம், வெடி, கரண்டு கூடவே கூடாது. செத்த பன்னியை முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். ஊர்த் தலைவருக்குப் பொறுப்பு, கூடவே கட்டுப்பாடு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

கூண்டு என்றால் எலிப்பொறி அல்ல

நாம் கேட்பது முதலில் கூண்டு, அதற்கப்புறம்தான் துப்பாக்கி. ஏன் என்று சொல்கிறோம்.

கூட்டத்தில் ஒரு பன்னியைச் சுட்டால் மற்றது நாலு திசைக்கும் சிதறும். நாலு ஊருக்குப் போகும். ஒரு ஆள் நுழைகிற அளவுக் கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்தால், பார்த்துக்கொண்டு நின்ற மீதிப் பன்னி அப்புறம் ஜென்மத்துக்கும் கூண்டுப் பக்கம் வராது. பன்னியைப் பிடிப்பதென்றால் கூட்டத்தோடு பிடிக்க வேண்டும்.

அதற்குத் தடித்த கம்பிவலையில் ஆட்டுப்பட்டி மாதிரி வட்டமாக, பெரிசாக அடைப்பு வேண்டும். கதவு மேலிருந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும். முதல் பல நாள் கதவைத் திறந்தே வைத்து உள்ளே ஊறவைத்த மக்காச்சோளம் போட வேண்டும். ஒன்று வரும், ரெண்டு வரும், பயம் தெளிந்து குட்டியும் கெடேரியுமாகக் கூட்டமே வந்து தின்னும். மொத்தக் கூட்டமும் உள்ளே இருக்கிறபோதுதான் கதவு விழ வேண்டும். அவசரப்பட்டால் கெட்டது. அமெரிக்காவில் பெருகிப்போன பன்னியைப் பிடிக்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

கோடையில் ஏரி வற்றி, வெளியில் தீனி இல்லாத காலத்தில் இதைச் செய்தால் பலன் அதிகம். கடலை முற்றின பிறகு கூண்டு வைத்து என்ன பிரயோஜனம்? அதனால் அனுமதியும் கூண்டும் விதைப்புக்கு முன்னால் வர வேண்டும். வேறு விலங்கு தப்பித் தவறி உள்ளே வந்தால் கதவைத் தூக்கி விட்டுவிடலாம். சுருக்குக் கம்பியில் அது முடியுமா? பன்னிக்கு வைத்த சுருக்கில் சிறுத்தை மாட்டிச் செத்த கதை நமக்குத் தெரியாததா?

நீர்நாய் சொல்கிற பாடம்

"பிடிக்க அனுமதி கொடுத்தால் இனமே அழிந்துவிடும்" என்று பயம் காட்டுகிறார்கள். விதியோடு பிடித்தால் என்ன ஆகும், விதியில்லாமல் பிடித்தால் என்ன ஆகும் என்று ரெண்டையும் ஒரே விலங்கிடம் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். விலங்கு, நம் காவிரியிலும் மோயாறிலும் இருப்பதற்குச் சொந்தக்காரனான நீர்நாய்.

ரோமத்துக்காக இஷ்டத்துக்குப் பொறி வைத்துப் பிடித்ததாலும் ஆற்றோரம் அழிந்ததாலும் 1930-களில் அங்கே நீர்நாய் விரல்விட்டு எண்ணுகிற நிலைக்கு வந்துவிட்டது. இது விதியில்லாத வேட்டையின் பலன். அப்புறம் அரசு விழித்துக்கொண்டது. 1982-இல் தொடங்கிப் பத்து வருஷம் வாக்கில் வெளி மாநிலத்திலிருந்து 800-க்கும் மேற்பட்ட நீர்நாய்களைக் கொண்டுவந்து ஆறுகளில் விட்டது. அவை நன்றாகவே பெருகின. மீன்குட்டை வைத்திருந்த விவசாயிகள், "எங்கள் மீனெல்லாம் போச்சு" என்று அரசு வாசலுக்கு வந்தார்கள்.

அந்த அரசு என்ன செய்தது? விவசாயியைத் திருடன் என்றும் சொல்லவில்லை, நீர்நாயைச் சனியன் என்றும் சொல்லவில்லை. 1996-இல் பொறி வைக்க ஒரு சீசன் திறந்தது. லைசன்ஸ் உள்ளவன்தான் பிடிக்கலாம், சொன்ன மாதங்களில்தான் பிடிக்கலாம், பிடித்த ஒவ்வொன்றையும் பதிவு செய்து அடையாள வில்லை மாட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்து, அடுத்து வந்த வருஷங்களில் மாநிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விதியை மாற்றிக்கொண்டார்கள். எதிர்ப்பு வந்தது, சண்டை வந்தது. ஆனால் நீர்நாய் அழியவில்லை. இன்றும் அங்கே ஆற்றில் நீந்துகிறது.

அங்கே ரோமத்துக்கு விலை உண்டு, பொறி வைப்பதைத் தொழிலாகச் செய்கிறார்கள். நமக்கு அது வேண்டாம். பன்னிக்கறி வியாபாரத்துக்கு நாம் வழி கேட்கவில்லை. பிடிபட்ட, கொல்லப்பட்ட விலங்கு அரசின் சொத்து என்று சட்டம் சொல்வது அப்படியே இருக்கட்டும். நாம் எடுத்துக்கொள்ளச் சொல்வது கணக்கு, சீசன், லைசன்ஸ், பதிவு, வருஷா வருஷம் மறுபரிசீலனை. அழிவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்த விலங்குக்கே அது செய்ய முடிந்தது. ஏரி முள்ளெல்லாம் நிறைந்து கிடக்கிற பன்னிக்குச் செய்ய முடியாதா?

நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை

கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மோட்டார் ரூமிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வரப்பைச் சுற்றி விடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் என்ன நடந்தது? பன்னிக்கு வைத்த கரண்டுக் கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த ரெண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. கம்பி வைத்தவர் கைதானார். யானையும் போச்சு, குடும்பமும் நடுத்தெருவில் நின்றது. எத்தனை ஊரில் தண்ணி கட்டப் போன பக்கத்துக் காட்டுக்காரர், தன் வீட்டுப் பிள்ளை, தானே கூட அந்தக் கம்பியில் விழுந்து செத்திருக்கிறார்கள்! இலவச மின்சாரம் நாம் உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை. அதில் கொலைக்கம்பி கட்டினால் அந்த உரிமைக்கே வேட்டு வைக்கிறோம்.

அவுட்டுக்காயும் அப்படித்தான். பழத்துக்குள் வெடி வைத்தால் கடிப்பது பன்னியா, யானையா, மாடா என்று வெடிக்குத் தெரியாது. 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் வெடியில் வாய் கிழிந்த சினை யானை ஆற்றுத் தண்ணீரில் நின்றே செத்ததை உலகமே பார்த்தது. ஒருத்தன் செய்கிற இந்தக் காரியத்தால் லட்சம் விவசாயியின் நியாயம் ஊமையாகிறது.

"பன்னியை நாசகார விலங்கு என்று அறிவித்துவிடு, யார் வேண்டுமானாலும் கொல்லட்டும்" என்று கேட்கிற தோழர்களும் உண்டு. சட்டத்தின் 62-ஆவது பிரிவில் மத்திய அரசுக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. 2015 டிசம்பரில் பீகாருக்கும் 2016-இல் உத்தரகாண்டுக்கும் குறிப்பிட்ட மாவட்டங்களுக்கு ஒரு வருஷ காலத்துக்கு அப்படி அறிவித்தார்கள். கேரளா கேட்டது, கிடைக்கவில்லை. உங்கள் கோபம் நியாயம். ஆனால் கேட்பாரற்ற வேட்டை என்றால் சுருக்கும் விஷமும் வெடியும்தான் முதலில் வரும். ஒரு வருஷம் கழித்து அறிவிப்பு முடியும், பன்னி திரும்ப வரும். நமக்கு வேண்டியது ஒரு வருஷத் திருவிழா இல்லை. வருஷா வருஷம் நடக்கிற ஒழுங்கு.

நமது கோரிக்கைகள்

1. வட்டம் வாரியாகக் காட்டுப்பன்றிக் கணக்கு எடு! ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டு! எத்தனை பிடிக்கலாம் என்பதை அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொரு வருஷமும் முடிவு செய்!

2. பாதிக்கப்பட்ட ஊராட்சிகளுக்குக் கூட்டத்தோடு பிடிக்கிற பெரிய கூண்டுகள் கொடு! உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடு! கால்நடை மருத்துவர் முன்னிலையில் பிடி!

3. 11-ஆவது பிரிவு அதிகாரத்தைக் கீழ்மட்ட அலுவலர் வரை கொடு! மனுவுக்கு 48 மணி நேரத்தில் பதில் சொல்! மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு!

4. ஏரி, குளம், ஓடைப் புறம்போக்கில் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்று!

5. காட்டை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு செலவில் சூரிய மின்வேலி அமைத்துக் கொடு! 2023 மின்வேலி விதிகளின்படி பதிவு செய்வதை ஊரிலேயே முகாம் போட்டு முடி!

6. பயிர்ச்சேத நிவாரணத்தை முப்பது நாளில் கொடு! பட்டா இல்லாத குத்தகைதாரருக்கும் கொடு!

7. வனவிலங்குச் சேதத்தைப் பயிர்க் காப்பீட்டில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அந்தப் பட்டியலில் காட்டுப்பன்றியைத் தமிழ்நாட்டின் பாதிக்கப்பட்ட எல்லா மாவட்டங்களுக்கும் சேர்! 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் படம் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். செல்போன் தெரியாத விவசாயிக்குக் கிராம நிர்வாக அலுவலர் ஏற்றிக் கொடுக்கட்டும்!

நாம் தருகிற உறுதிமொழி

அரசிடம் கேட்பவன் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். நம் சங்க உறுப்பினர் எவரும் கரண்டுக் கம்பி இழுக்க மாட்டோம். அவுட்டுக்காய், விஷம், சுருக்கு வைக்க மாட்டோம். வைக்கிறவருக்காகச் சங்கம் வந்து நிற்காது. இதை ஒவ்வொரு கிளைக் கூட்டத்திலும் கை தூக்கிச் சொல்லிவிட்டுத்தான் ஆர்ப்பாட்டத்துக்குப் புறப்படுகிறோம்.

வருவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி உங்கள் வனச்சரகத்துக்கு நாலு கேள்வி எழுதுங்கள்: எத்தனை கூண்டு இருக்கிறது? 2025 உத்தரவுக்குப் பிறகு எத்தனை மனு வந்தது? எத்தனைக்கு அனுமதி கொடுத்தீர்கள்? எத்தனை பன்னி பிடித்தீர்கள்? முப்பது நாளில் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மேடையில் படிப்போம்.

சேதமான செடியையும் கிழங்கையும் வேரோடு கொண்டுவாருங்கள். வட்டாட்சியர் அலுவலக வாசலில் குவிப்போம். அவர்களும் பார்க்கட்டும், நாம் விடியக்காலையில் பார்ப்பதை!

நாளும் நேரமும் கிளைப் பொறுப்பாளர்கள் சொல்லுவார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்!

பயிரும் வாழட்டும்! காடும் வாழட்டும்!
கூண்டு கொடு! கணக்குக் கொடு! காலத்தில் கொடு!

இவண்,
விவசாயிகள் சங்கச் செயற்குழு